வெளியூர் உறவுக்குப் பின் விறைப்பு வருவதில்லை: இது பால்வினைத் தொற்றின் அறிகுறியா?

கேள்வி: எனக்கு வயது 38. மனைவியோடு கோலாலம்பூரின் செந்தூலில் வசிக்கிறேன். குழந்தைக்காக முயன்று வருகிறோம். ஐந்து வாரங்களுக்கு முன் வேலை நிமித்தமாக ஜொகூர் பாரு சென்றிருந்தபோது, முன்பின் அறியாத ஒரு பெண்ணோடு ஆணுறை இல்லாமல் உறவு கொண்டுவிட்டேன். திரும்பி வந்த வாரத்தில் மனைவியோடு ஒருமுறை கூடினேன். அதன் பிறகு அவரை நெருங்கும்போதெல்லாம் விறைப்பு வருவதில்லை, வந்தாலும் நிலைப்பதில்லை. எரிச்சல், சீழ், புண் எதுவும் இல்லை. நண்பர் ஒருவர் தன்னிடம் மிஞ்சியிருந்த அமோக்சிசிலின் மாத்திரைகளைத் தந்தார். மூன்று நாள் சாப்பிட்டேன். இது தொற்றினால் வந்ததா? எப்போது, எங்கே சோதித்துக்கொள்வது? விஷயம் கம்பெனிக்குத் தெரியவருமா?

பதில்: உங்கள் விறைப்புக் குறைவுக்குத் தொற்று காரணமாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. பால்வினைத் தொற்றுகள் சிறுநீர்த் தாரையை அழற்றும், புண்ணை உண்டாக்கும், நெறி கட்டச் செய்யும். எந்த வலியும் எரிச்சலும் இல்லாமல் ஓரிரு வாரங்களில் விறைப்பை மட்டும் பறித்துக்கொண்டு போவதில்லை. சிபிலிஸ் என்னும் பால்வினை நோய் நரம்பு மண்டலத்தைத் தாக்கி அப்படிச் செய்யக்கூடும் என்றாலும், கவனிக்கப்படாத நோய் பல ஆண்டுகள் முற்றிய பிறகு நேர்வது அது. ஆனால் அறிகுறி இல்லாததை வைத்துத் தொற்றே இல்லை என்று நீங்கள் முடிவு கட்டிவிடவும் கூடாது. கிளமிடியா என்னும் பால்வினைக் கிருமி தொற்றிய ஆண்களில் பெரும்பகுதியினருக்கும், பெண்களில் அதைவிட அதிகமானோருக்கும் எதுவுமே தெரிவதில்லை. சிபிலிஸின் முதல் புண்ணுக்கு வலி கிடையாது. நுனித்தோலின் மடிப்பிலோ வாய்க்குள்ளோ இருந்துவிட்டால் கண்ணில் படாது, மூன்று முதல் ஆறு வாரங்களில் தானே ஆறியும் விடும். புண் ஆறுவதால் நோய் தீர்ந்ததாகாது. கிருமி இரத்தத்தில் பரவி அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கும்.

ஆகவே சோதனையை இந்த வாரமே தொடங்குங்கள். கொனோரியா (வெட்டை நோய்), கிளமிடியா இரண்டையும் சிறுநீரிலேயே, கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை மூலம் கண்டுபிடிக்கலாம். தொடர்பு நடந்து இரண்டு வாரம் கடந்தாலே முடிவு நம்பத்தக்கது என்பதால் உங்களுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழிக்காமல் இருந்து, முதலில் வரும் சிறுநீரைத்தான் குப்பியில் பிடிக்க வேண்டும். பலர் வழக்கமான சிறுநீர்ச் சோதனைக்குச் செய்வதுபோல முதல் பகுதியை விட்டுவிட்டு நடுவில் பிடிக்கிறார்கள். இந்தச் சோதனைக்கு அது பயன்படாது. எச்.ஐ.வி.க்கு, கிருமியின் புரதத்தையும் உடலின் எதிர்ப்பொருளையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வகச் சோதனையைத் தொடர்பு நடந்து 45 நாட்களுக்குப் பின் எடுத்து, அது இல்லை என்று சொன்னால் அதை நம்பலாம். விரலில் குத்தி வீட்டிலேயே பார்க்கும் கருவிக்கு 90 நாட்கள் ஆக வேண்டும். சிபிலிஸுக்கும், கல்லீரலைத் தாக்கும் ஹெப்பாடிட்டிஸ் பி-க்கும் இப்போது ஒருமுறை, பன்னிரண்டாம் வாரத்தில் மறுமுறை இரத்தம் கொடுங்கள். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஹெப்பாடிட்டிஸ் பி தடுப்பூசி போடத் தொடங்கியது 1989இல்தான். உங்கள் வயதைப் பார்த்தால் அது உங்களுக்குக் கிடைத்திருக்காது. சோதனையில் தொற்றோ எதிர்ப்பாற்றலோ இல்லை என்று தெரிந்தால், அப்படியே தடுப்பூசியும் போட்டுக்கொள்ளுங்கள். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் அவசர மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் சாப்பிட வேண்டும். உங்களுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. இதைப் படிக்கும் வேறு யாருக்கேனும் இன்னும் தாண்டாமல் இருக்கலாம் என்பதற்காகச் சொல்லி வைக்கிறேன்.

நண்பர் தந்த மாத்திரை உங்களுக்கு எந்த நன்மையும் செய்யவில்லை. கொனோரியா கிருமி, அமோக்சிசிலின் போன்ற பெனிசிலின் வகை மருந்துகளுக்கு அடங்கிய காலம் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன; இன்று அதற்குச் செப்ட்ரையாக்சோன் ஊசிதான். கிளமிடியாவுக்கு டோக்சிசைக்ளினை வேளைக்கு 100 மில்லிகிராம் வீதம், நாளைக்கு இருவேளை, ஏழு நாட்கள் கொடுக்கிறோம். ஆரம்பகட்ட சிபிலிஸை இடுப்பில் போடும் ஒரே வேளைப் பென்சத்தீன் பெனிசிலின் ஊசி குணப்படுத்திவிடும். மூன்று நாள் அமோக்சிசிலினால் செய்ய முடிந்ததெல்லாம், இருக்கும் நோயை அரைகுறையாக அடக்கிச் சோதனை முடிவைக் குழப்புவதுதான். எந்த மாத்திரை, எந்தத் தேதியில், எத்தனை வேளை என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இனி விறைப்புக்கு வருவோம். இச்சை எழும்போது முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியிலிருந்து புறப்படும் துணைப்பரிவு நரம்புகள் (உடல் அமைதியாக இருக்கும்போது இயங்குபவை) ஆண்குறியில் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கச் செய்கின்றன. அது மென்தசைகளைத் தளர்த்த, இரத்தம் உள்ளே பாய்ந்து, வெளியேறும் நாளங்கள் அமுங்கி, விறைப்பு நிலைக்கிறது. அச்சத்தில் சுரக்கும் அட்ரீனலின் இதற்கு நேர்மாறாக, அதே தசைகளை இறுக்கி இரத்தத்தைத் திருப்பியனுப்புகிறது. அபாயம் வரும்போது தப்பி ஓடுவதற்கென்று உடல் வைத்திருக்கும் ஏற்பாடு இது. அந்த நேரத்தில் கூடல் அதற்கு அவசியமில்லை. மனைவியை நெருங்கும் ஒவ்வொரு முறையும் 'இவளுக்கு நோயைக் கொடுத்துவிடுவேனோ' என்று மனம் பதறினால், உறுப்பு பழுதடையாமலே விறைப்பு மறுக்கப்படும். ஒருமுறை தவறியதும் அடுத்த முறை 'வருகிறதா, நிற்கிறதா' என்று தன்னையே வேவு பார்க்கத் தொடங்குவது இரண்டாவது தடை. மனிதப் பாலுணர்வின் உடலியலை 1960களில் ஆய்வுக்கூடத்தில் அளந்து நான்கு கட்டங்களாக வகுத்த வில்லியம் மாஸ்டர்சும் வர்ஜீனியா ஜான்சனும் இந்த வேவு பார்த்தலைத்தான் முக்கியமான காரணமாகக் கண்டார்கள்.

இதை நீங்களே சரிபார்க்கலாம். நலமாயுள்ள ஆணுக்குத் தூக்கத்தில், பெரும்பாலும் கனவு வரும் கட்டங்களில், இரவில் மூன்று முதல் ஐந்து முறை விறைப்பு ஏற்படும்; விடியற்காலையில் உணர்வது அவற்றின் கடைசி. அது வழக்கம்போல இருக்கிறதென்றால் நரம்பும் நாளமும் நன்றாகவே இருக்கின்றன. விடியற்காலை விறைப்பும் சில மாதங்களாகவே குறைந்து வந்திருந்தால் கதை வேறு: ஆண்குறியின் தமனி இதயத்தின் தமனியைவிட மெல்லியது என்பதால், இனிப்புநீரும் (நீரிழிவும்) இரத்தக் கொழுப்பும் செய்யும் சேதம் நெஞ்சுவலியாக வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே அங்கே தெரிந்துவிடும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களான நம்மவர்களிடையேதான் அதிகம். எப்படியும் கையை நீட்டி இரத்தம் கொடுக்கப் போகிறீர்கள். சர்க்கரையையும் கொழுப்பையும் அதிலேயே பார்த்துவிடச் சொல்லுங்கள்.

தயவுசெய்து இரவுச் சந்தையிலும் இணையத்திலும் விற்கும் 'ஆண்மைக் கோப்பி' பக்கம் போகாதீர்கள். தொங்காட் அலி மூலிகை என்று எழுதியிருக்கும் அத்தகைய பொட்டலங்களில் சில்டெனாபில், தடாலாபில் போன்ற விறைப்பு மருந்துகள் அளவு தெரியாமல் கலக்கப்பட்டிருப்பதைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் மாத்திரை வைப்பவர் இதைக் குடித்தால் இரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்கு விழுந்துவிடும். மருத்துவர் பார்த்துத் தரும் மாத்திரைகூட, இச்சை எழாமல் தானாக வேலை செய்யாது.

நீங்கள் கேட்காமல் விட்டது உங்கள் மனைவியைப் பற்றி. திரும்பி வந்த வாரத்தில் அவரோடு கூடியிருப்பதால், உங்களுக்குத் தொற்று இருந்தால் அது அவருக்கும் போயிருக்கலாம். கொனோரியாவும் கிளமிடியாவும் சத்தமில்லாமல் கருக்குழாயை அடைத்துவிடக்கூடியவை. குழந்தைக்கு முயலும் தம்பதியருக்கு இதைவிடப் பெரிய இழப்பு வேண்டுமா? உங்களுக்கு மட்டும் மருந்து சாப்பிட்டு அவரைச் சோதிக்காமல் விட்டால் அதே தொற்று திரும்ப உங்களிடமே வரும். இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள்: அவர் கருவுற்று அரசாங்கத் தாய்சேய் கிளினிக்கில் பதிந்துகொள்ளும்போது, முதல் வருகையிலேயே எச்.ஐ.வி.க்கும் சிபிலிஸுக்கும் இரத்தம் எடுப்பார்கள். அந்த நாற்காலியில் அமர்ந்து, ஒரு தாதியின் வாயிலிருந்து அவர் இதைக் கேட்க நேர்வதைவிட, இப்போது உங்கள் வாயிலிருந்து கேட்பதே மேல் என்பது என் துணிபு. நேரே சொல்லத் துணிவில்லை என்றால் அவரையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். மருத்துவர் முன்னிலையில் சொல்லலாம்.

எல்லா முடிவுகளும் கைக்கு வரும்வரை, அதாவது தொடர்பு நடந்த நாளிலிருந்து பன்னிரண்டு வாரம் முடியும்வரை, கூடலைத் தவிருங்கள்; கருத்தரிக்கும் முயற்சியையும் ஒத்திவையுங்கள். இதில் உங்களுக்கு ஓர் ஆதாயமும் உண்டு. பதற்றத்தால் வரும் விறைப்புக் குறைவுக்கு நாங்கள் தரும் சிகிச்சையே, சில வாரங்களுக்குக் கூடலை முற்றாக விலக்கி வைத்துவிட்டு, பிறப்புறுப்புகளைத் தொடாமல், எந்த எதிர்பார்ப்பும் இல்லாமல் ஒருவரையொருவர் தொட்டுப் பழகுவதுதான். விறைக்க வேண்டிய கட்டாயம் இல்லாத இடத்தில் வேவு பார்க்கவும் ஒன்றுமில்லை. மனைவி உண்மையை அறிந்து உடன்பட்டால் இந்த வாரங்கள் வீணாகாது.

கடைசியாக, கம்பெனி. அருகிலுள்ள அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்). எச்.ஐ.வி. சோதனையைப் பெயரும் அடையாள அட்டை எண்ணும் தராமல், குறியீட்டு எண்ணின் பேரிலேயே செய்துகொள்ள முடியும். சிறுநீர் மரபணுச் சோதனை எல்லாக் கிளினிக்கிலும் இருக்காது. இல்லையென்றால் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள், கோலாலம்பூர் மருத்துவமனையின் தோல் மருத்துவத் துறையில் இதற்கென்றே பிரிவு இருக்கிறது. எச்.ஐ.வி., சிபிலிஸ், கொனோரியா உறுதியானால் 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி மருத்துவர் மாவட்ட சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தத் தகவல் தொற்றுத் தடுப்புக்கானது, முதலாளிக்குப் போவதில்லை. ஊழியர்களுக்கென்று கம்பெனி ஒப்பந்தம் செய்துள்ள பேனல் கிளினிக்கை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அங்கிருந்து மாதக் கடைசியில் போகும் கட்டணப் பட்டியலில் பரிசோதனையின் பெயர் இடம்பெறக்கூடும். அதை முதலில் பார்ப்பவர் உங்கள் அலுவலகக் கணக்காளராகத்தான் இருப்பார்.