நுகர்வோர் கேள்வி-பதில்: தோட்டத்து மோட்டாரின் சாவி யாரிடம் இருக்கிறது?

கேள்வி: கம்பம் பள்ளத்தாக்கில் எங்களுக்கு நான்கு ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல் இருக்கிறது. போர்வெல் மோட்டாரைச் செல்போனிலிருந்து இயக்கும் ஸ்டார்ட்டர், சொட்டுநீர்க் குழாய்களைத் தானாகத் திறந்து மூடும் வால்வுகள், மண்ணின் ஈரத்தை அளக்கும் சென்சார், ஒரு சிறிய வானிலைக் கருவி ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்து ஒரு டீலர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். இவற்றை யாராவது ஹேக் செய்துவிட்டால் என்ன செய்வது என்று என் மகள் கேட்கிறாள். டீலரோ, வங்கியைத்தான் ஹேக் செய்வார்கள், வாய்க்காலை யார் ஹேக் செய்யப் போகிறார்கள் என்று சிரிக்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் மகள் கேட்டதுதான் சரியான கேள்வி, ஐயா. வாய்க்காலையும் ஹேக் செய்திருக்கிறார்கள். 2023 ஏப்ரலில் இஸ்ரேலின் வடபகுதியில் பாசனத்தை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகள் இணையம் வழியாகத் தாக்கப்பட்டன. தாக்குதல் வரக்கூடும் என்ற எச்சரிக்கை முன்பே விடுக்கப்பட்டிருந்ததால், தொலைதூர இணைப்பைத் துண்டித்து வைத்திருந்த விவசாயிகள் தப்பினார்கள். துண்டிக்காமல் விட்ட சிலருடைய தோட்டங்களில் நீர் பாய்ச்சுவது தடைப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், அலிகிப்பா என்ற ஊரின் குடிநீர் அழுத்த நிலையத்தில் இருந்த கட்டுப்பாட்டுக் கருவி அவ்வாறே கைப்பற்றப்பட்டது. அந்த வகைக் கருவி தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அதில் இருக்கும் கடவுச்சொல் 1111 என்பதாகும். பணியாளர்கள் உடனே கையால் இயக்கும் முறைக்கு மாறிக்கொண்டதால் ஊருக்குத் தண்ணீர் நிற்கவில்லை.

இத்தகைய தாக்குதல்களில் பெரும்பாலானவை ஒரு தோட்டத்தையோ அதன் உரிமையாளரையோ குறிவைத்து வருவன அல்ல. இணையத்தில் திறந்து கிடக்கும் கருவிகளைத் தானாகத் தேடி, அவற்றில் தொழிற்சாலைக் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் நிரல்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2016-இல் உலகெங்கும் பல இலட்சம் கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்த மிராய் என்ற நச்சுநிரல் இந்த ஒரே வழியில்தான் பரவியது. பூட்டாத கதவைத் தேடித் தெருத்தெருவாக நடப்பவனுக்கு உள்ளே இருப்பது வங்கியா, திராட்சைத் தோட்டமா என்பது பொருட்டே அல்ல. பணம் பறிக்க வருபவர்களோ காலம் பார்த்து வருகிறார்கள். அமெரிக்காவில் 2021-இன் அறுவடைக் காலத்தில் தானியக் கூட்டுறவுச் சங்கங்கள் ஆறின் கணினிகள் பூட்டப்பட்டுப் பணம் கேட்கப்பட்ட பிறகு, விதைப்பும் அறுவடையும் நடக்கும் காலங்களே ஆபத்தானவை என்று அந்நாட்டின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. 2022 ஏப்ரலில் எச்சரித்தது.

திராட்சைக்கு இது எப்படிப் பொருந்தும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பழம் பழுக்கும் தறுவாயில் இரண்டு இரவுகள் தண்ணீர் மிகுதியாகப் பாய்ந்தால் பழம் வெடிக்கும். கிணற்றில் நீர் வற்றிய பின்னும் மோட்டார் ஓடினால் அதன் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) கருகும். உரத் தொட்டியின் வால்வு தவறான நேரத்தில் திறந்தால் ஒரு பாத்திக்குரிய உரமும் வீணாகி வேரும் பழுதாகும். இவற்றைச் செய்ய ஹேக்கர்தான் வரவேண்டும் என்பதில்லை, செயலியில் ஒரு பிழை இருந்தாலே போதும். ஆகவே நான் முதலில் பார்க்கச் சொல்வது கடவுச்சொல்லை அன்று, கருவியின் பெட்டியை. நீர் வற்றினால் மோட்டாரை நிறுத்துவது, மின்னோட்டம் மிகுந்தால் நிறுத்துவது, இத்தனை மணி நேரத்துக்கு மேல் ஓடக்கூடாது என்ற வரம்பு ஆகிய மூன்றும் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். செல்போன் செயலியிலோ நிறுவனத்தின் கணினியிலோ மட்டும் இருந்தால் அந்தக் கருவி வேண்டாம். பெட்டியில் ஆட்டோ, மேனுவல் என்று மாற்றும் சுவிட்ச் இருக்க வேண்டும். மின்வால்வு ஒவ்வொன்றையும் கையால் திறக்க முடிய வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன், டீலரிடம் சிம் கார்டைக் கழற்றிவிட்டு உங்கள் கண்ணெதிரே நான்கு ஏக்கருக்கும் தண்ணீர் பாய்ச்சிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவரிடம் வாங்காதீர்கள்.

அடுத்தது, சாவி யாரிடம் இருக்கிறது என்பது. பொருத்த வரும் பணியாளர் சோதித்துப் பார்ப்பதற்காகத் தன் கைபேசி எண்ணையே முதன்மை எண்ணாகப் பதிந்துவிட்டு, அதை நீக்காமல் போய்விடக்கூடும். அவர் நல்லவராகவே இருக்கட்டும்; நாளை அவர் வேலை மாறினாலும் உங்கள் மோட்டாரை இயக்கும் உரிமை அவரோடு போகும். கணக்கு உங்கள் எண்ணில், சிம் கார்டு உங்கள் பெயரில், கடவுச்சொல் நீங்களே வைத்ததாக இருக்க வேண்டும். சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய மறந்தால் சில மாதங்களில் அந்த எண் வேறொருவருக்குப் போய்விடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். 2ஜி மட்டும் உள்ள கருவி விலை குறைவாகக் கிடைக்கலாம். அதன் பாதுகாப்பு பழையது, ஜியோ சிம்மும் அதில் வேலை செய்யாது.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் வைத்து நுகர்வோருக்கு விற்கக்கூடாது என்றும், பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை காலத்துக்குத் தரப்படும் என்பதை வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சட்டம் கம்பத்துக்கு வராது. ஆனால் அதே இரண்டு உறுதிகளையும் கொட்டேஷனில் எழுதித் தரும்படி கேட்பதை யாரும் தடுக்க முடியாது. இவ்வளவும் சொல்வதால் கருவியே வேண்டாம் என்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து நள்ளிரவில் டார்ச் விளக்கோடு பந்தலுக்கு நடந்தவர்களுக்கு அந்த ஸ்டார்ட்டரின் அருமை தெரியும்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளுக்கு முன் தானியங்கிப் பாசனக் கருவி ஒன்றை வாங்கினேன். அப்போது சந்தா பற்றி யாரும் சொல்லவில்லை. சென்ற மாதம் செயலி நின்றுவிட்டது. ஆண்டுச் சந்தா கட்டினால்தான் திறக்கும் என்கிறார்கள். கருவி என்னுடையது அல்லவா? விவசாயியான நான் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியுமா?

பதில்: கருவி உங்களுடையதுதான், அதன் சாவி அவர்களுடையது. 2022-இல் உக்ரைனின் மெலிட்டோபோல் நகரில் ஒரு விற்பனையகத்திலிருந்து ரஷ்யப் படையினர் கொண்டுபோன அறுவடை இயந்திரங்கள், ரஷ்யாவின் செச்னியா வரை போய்ச் சேர்ந்த பிறகு தொலைவிலிருந்தே பூட்டப்பட்டு நின்றுபோன செய்தியைப் படித்துப் பலரும் மகிழ்ந்தார்கள். எனக்கு அதில் பாதி மகிழ்ச்சிதான். திருடனிடம் போன இயந்திரத்தைப் பூட்ட முடிந்த அதே கை, தவணை தவறிய விவசாயியின் இயந்திரத்தையும் பூட்டும். அந்தக் கையின் கடவுச்சொல் களவுபோனால் ஓர் ஊரின் இயந்திரங்கள் எல்லாம் ஒரே நாளில் நிற்கும்.

இனி உங்கள் உரிமைக்கு வருவோம். பயிரை விற்பதால் விவசாயி வணிகர் ஆகிவிடுகிறார், ஆகவே அவர் நுகர்வோர் அல்லர் என்ற வாதத்தை நிறுவனங்கள் எழுப்பக்கூடும். விதை தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012-இலேயே விவசாயிகள் நுகர்வோரே என்று தீர்ப்பளித்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், சுயதொழிலாகப் பிழைப்புக்குப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கமாகக் கருதுவதில்லை. நீங்கள் கொடுத்த விலை 50 இலட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில், நிறுவனம் எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, புகார் கொடுக்கலாம். 5 இலட்சம் வரை கட்டணம் இல்லை. சிக்கல் தோன்றிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். சில நிறுவனங்கள் அங்கேயே இறங்கி வந்துவிடும்.

வழக்கின் வலு உங்களிடம் இருக்கும் தாளில் இருக்கிறது. ஜிஎஸ்டி பில், விளம்பரத் துண்டு, டீலர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திகள் ஆகிய எதிலும் சந்தா என்ற சொல் இல்லை என்றால், மறைத்து விற்றார்கள் என்று உறுதியாக வாதிடலாம். விற்பனை நாளன்று நீங்கள் ஏற்றுக்கொண்ட செயலியின் நிபந்தனைகளில் எங்காவது ஒரு வரி இருந்தால் வழக்கு இழுபடும். ஒன்று மட்டும் கேட்கிறேன்: இத்தனை நாள் அந்தக் கருவி திரட்டிய மண் ஈரம், நீர் அளவு ஆகிய விவரங்களையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 செப்டம்பர் 12 முதல், இணையக் கருவி திரட்டும் விவரங்களைப் பெறும் உரிமை அதைப் பயன்படுத்துபவருக்குச் சட்டப்படி உண்டு. இங்கே பண்ணைக் கருவிக்கென்று அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லாததால் கேட்டு வாங்குவதே வழி.

கேள்வி: பழம் திருட்டுப் போவதால் தோட்டத்தில் இணையக் கேமரா வைக்க நினைக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: 2025 ஏப்ரல் 9 முதல் இந்தியாவில் கண்காணிப்புக் கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறியாக வேண்டும். நீங்கள் வாங்கும் மாடல் தேறியதற்கான சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். பெட்டியின் மேல் ஒட்டிய பெயர் போதாது, மாடல் எண் பொருந்த வேண்டும். கேமராவையும் மோட்டாரையும் ஒரே ரவுட்டரில், ஒரே கடவுச்சொல்லில் இணைக்காதீர்கள்.

கேள்வி: சூரியசக்தி பம்புக்கு மானியம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செயலிக் கோப்பு வந்தது. என் கணவர் அதைத் திறந்து நிறுவிவிட்டார். அதே போனில்தான் மோட்டார் செயலியும் இருக்கிறது.

பதில்: அரசு எந்த மானியத்தையும் வாட்ஸ்அப்பில் செயலிக் கோப்பாக அனுப்புவதில்லை, அம்மா. சூரியசக்தி பம்புக்கு மானியம் தரும் மத்திய அரசின் குசும் திட்டத்தின் பெயரில் பதிவுக் கட்டணம் பறிக்கும் போலித் தளங்களைப் பற்றி மத்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமே பலமுறை எச்சரித்திருக்கிறது. தமிழ்நாட்டில் அந்தத் திட்டத்துக்கு வேளாண்மைப் பொறியியல் துறையிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இத்தகைய செயலி போனுக்கு வரும் ஓடிபிக் குறுஞ்செய்திகளைப் படித்துத் திருடனுக்கு அனுப்பும். உடனே அந்தப் போனில் இணையத்தை அணைத்துவிட்டு, வேறொரு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்துங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். அதன் பின் அந்தப் போனை முழுவதுமாக அழித்துப் புதிதாக அமைக்க வேண்டும். அது முடியும் வரை ஸ்டார்ட்டர் பெட்டியை மேனுவலில் வையுங்கள். பதிவு செய்த எண்களின் பட்டியலிலிருந்து உங்கள் கணவரின் எண்ணை நீக்கி, மோட்டார் செயலியின் கடவுச்சொல்லை வேறு போனிலிருந்து மாற்றுங்கள்.