ஐந்தாம் பாகம் முடிந்த பிறகு

கேள்வி: எனக்கு 59 வயது. சென்ற ஆண்டு பணி ஓய்வு பெற்றேன். வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்டு செய்து அம்மா வைத்திருந்த 'பொன்னியின் செல்வ'னைப் பள்ளி நாட்களில் படித்தேன். இப்போது மூன்றாவது முறையாக முடித்திருக்கிறேன். எங்கள் ஊர் ஆற்றில் தண்ணீர் வரும்போதெல்லாம் அதன் முதல் அத்தியாயம்தான் ஞாபகம் வரும். அதற்கப்புறம் எதை எடுத்தாலும் மனம் ஒட்டவில்லை. 'கட்டாயம் படிக்க வேண்டியவை' என்று ஒரு பட்டியலைப் பார்த்து ஆறு புத்தகங்கள் வாங்கினேன். ஒன்றில்கூட ஐம்பது பக்கத்தைத் தாண்டவில்லை. எனக்கு வாசிக்கும் தகுதியே இல்லையோ? அடுத்து நான் என்ன படிக்கலாம்? இன்னொன்று. சென்னையில் வேலை பார்க்கும் என் மகளுக்கு 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் வாங்கிக் கொடுத்தேன். பிரிக்காமலே வைத்திருக்கிறாள். அவளை எப்படிப் படிக்க வைப்பது?
— வாசகி, குளித்தலை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தகுதி பற்றிய பேச்சை முதலில் விட்டுவிடுவோம். கல்கி 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதிய கதையை நீங்கள் மூன்று முறை படித்திருக்கிறீர்கள். அதைவிடப் பெரிய தகுதி எதுவும் வாசகருக்குத் தேவையில்லை. சிக்கல் பட்டியலில் இருக்கிறது. ஒருவர் முப்பது நாற்பது ஆண்டுகள் படித்துச் சலித்து எடுத்த பெயர்கள் அதில் இருக்கும். அந்தப் புத்தகங்களுக்கு அவர் எந்த வழியாகப் போய்ச் சேர்ந்தார் என்பது இருக்காது. வழி தெரியாமல் ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எப்படிப் போவது? அந்த ஆறு புத்தகங்களையும் அலமாரியில் வையுங்கள். இரண்டு ஆண்டு கழித்து அவற்றில் ஒன்றாவது உங்களைத் தானாகக் கூப்பிடும்.

உங்கள் கடிதத்திலேயே உங்களுக்கான வழி இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் வரும்போது முதல் அத்தியாயம் ஞாபகம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அரண்மனைச் சதியையோ குந்தவையையோ நீங்கள் சொல்லவில்லை, ஆற்றைச் சொன்னீர்கள். நீங்கள் இருப்பதும் காவிரிக் கரையில். சரி, ஆற்றையே பிடித்துக்கொள்வோம்.

எனக்கு இந்த வழியைக் காட்டியவர் ஒரு கிளை நூலகர். இருபத்து மூன்று வயதில் 'பொன்னியின் செல்வன்' ஐந்தாம் பாகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு, "முடிஞ்சு போச்சேன்னு இருக்கா?" என்று கேட்டார். உள்ளே போய் ஒரு பழைய புத்தகத்தை எடுத்து வந்து தந்தார். எழுத்தாளர்கள் சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி'. தலைக்காவேரியிலிருந்து ஆறு கடலில் சேரும் பூம்புகார் வரை ஆற்றோடு போய் எழுதிய பயண நூல். நாவல் மட்டுமே படித்துப் பழகியவர்களுக்கு அடுத்த படியாக நான் எப்போதும் பயண நூலைத்தான் சொல்வேன். கதையில் இருக்கும் நகர்வு அதிலும் இருக்கிறது. அடுத்த ஊர் என்ன, அங்கே யாரைப் பார்ப்பார்கள் என்று மனம் முன்னால் போய்க்கொண்டே இருக்கும். ஜானகிராமனின் கண் வேறு. மனிதர்கள் பேசும் விதத்தை அவரைப் போல் காதில் வாங்கி எழுதியவர்கள் தமிழில் குறைவு. உங்கள் முதல் புத்தகம் இதுதான்.

அந்தப் பயணத்தோடு கூடவே இன்னொன்றையும் மெதுவாகப் படிக்கலாம். 'பொன்னியின் செல்வ'னில் திருப்புறம்பியம் பள்ளிப்படைக் (இறந்த அரசரின் நினைவாக எழுப்பிய கோயில்) காட்சி நினைவிருக்கிறதா? நள்ளிரவில் சதிகாரர்கள் கூடும் இடம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ள அந்த ஊரில்தான் 1892-இல் தி. வை. சதாசிவ பண்டாரத்தார் பிறந்தார். சோழர் வரலாற்றைக் கல்வெட்டுகளிலிருந்து எடுத்துத் தமிழிலேயே எழுதியவர். அவருடைய 'பிற்காலச் சோழர் சரித்திரம்' அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. வரலாற்று நூல் என்றதும் பயப்படாதீர்கள். முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலை பற்றிய பகுதியைத் தேடி எடுத்து அதை மட்டும் படியுங்கள்.

அங்கே உடையார்குடிக் கல்வெட்டு வரும். கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சொல்லி, அவர்களுடைய உறவினர்களின் நிலங்களையும் பறித்த செய்தி அதில் இருக்கிறது. ராஜராஜன் ஆட்சியின் தொடக்கத்தில் வெட்டியது. ரவிதாசன் என்ற பெயரைக் கல்வெட்டில் பார்க்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாவலில் வரும் மந்திரவாதி என்று மட்டுமே நினைத்திருந்த ஆள் கல்லில் இருக்கிறான்! அந்தக் கல்வெட்டு இருக்கும் கோயில் காட்டுமன்னார்கோயிலில் இருக்கிறது. வந்தியத்தேவன் முதல் அத்தியாயத்தில் குதிரை மேல் வந்தானே, அந்த வீராணம் ஏரியின் பக்கத்து ஊர். இந்தக் கொலையில், ராஜராஜனுக்கு முன் ஆண்ட உத்தம சோழனுக்குப் பங்கு இருந்திருக்கலாம் என்று வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி சந்தேகப்பட்டார். பண்டாரத்தார் அதை மறுத்து வாதிடுகிறார். மூன்று முறை நாவல் படித்த உங்களுக்கு இந்த வாதத்தில் ஒரு பக்கம் சேராமல் இருக்க முடியாது. பாட நூலாகக் கிடந்த வரலாறு அப்போதுதான் நம்முடையதாகிறது.

ஆற்றுக்குத் திரும்புவோம். பயண நூலின் தலைப்பு எங்கிருந்து வந்தது? சிலப்பதிகாரத்தில் கானல்வரி என்ற பகுதியிலிருந்து. புகார்க் கடற்கரையில் கோவலன் யாழ் வாங்கிப் பாடுகிறான், மாதவி பதிலுக்குப் பாடுகிறாள், அதோடு இருவரும் பிரிகிறார்கள். முழுக் காப்பியத்தையும் இப்போது எடுக்க வேண்டாம். கானல்வரி மட்டும் போதும். உரையை முதலில் படித்துவிட்டு, அப்புறம் பாட்டை வாய்விட்டுப் படியுங்கள். பழைய பாட்டைக் கண்ணால் மட்டும் படித்தால் பாதிதான் கிடைக்கும்.

அங்கிருந்து இன்னும் பின்னால் போனால் பட்டினப்பாலை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. மொத்தமே 301 அடிகள், காவிரிப்பூம்பட்டினத்தைப் பற்றியது. சங்க இலக்கியம் என்றால் பண்டிதர்களுக்கு உரியது என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் கையில் கொடுக்க ஆசைப்படுவேன். கடல் வழியாக வந்த குதிரைகள், மிளகு மூட்டைகள், தென்கடல் முத்து, கீழ்க்கடல் பவளம், ஈழத்து உணவு என்று துறைமுகத் தெருவில் சரக்கு குவிந்து கிடக்கும். அதைவிட எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. வீட்டு முற்றத்தில் காயப்போட்ட தானியத்தைக் கோழி வந்து கொத்துகிறது. காவல் இருக்கும் பெண் கையில் கிடைத்த கல்லை எறியவில்லை, காதில் கிடந்த கனமான குழையைக் கழற்றி எறிகிறாள். அந்தக் குழை கிடந்து, குழந்தைகள் உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேருக்குத் தடையாகிறது. இத்தனை நூற்றாண்டு கழித்தும் அந்த முற்றத்தில் வெயில் அடிக்கிறது. இந்த நாலு வரிக்காகவே அந்தப் பாட்டைத் தேடிப் படிக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உரையோடு இலவசமாகவே கிடைக்கும்.

இதெல்லாம் நம் கைக்கு எப்படி வந்தது என்று ஒரு கேள்வி எழும். எழ வேண்டும். அதற்கும் பதில் காவிரிக் கரையில்தான் இருக்கிறது, கும்பகோணத்தில். 1880-இல் அங்கே கல்லூரித் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையருக்கு வயது 25. அந்த ஊருக்கு முன்சீபாக (கீழ்க்கோர்ட்டு நீதிபதியாக) மாற்றலாகி வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா என்று அடுக்குகிறார். முதலியார் முகத்தில் ஒரு வியப்பும் இல்லை. பிறகுதான் கேட்கிறார், சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்று. இவர் அந்த நூல்களைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அந்த ஒரு சந்திப்பிலிருந்து வந்தவைதான் 1887-இல் சீவக சிந்தாமணி, 1889-இல் பட்டினப்பாலையும் சேர்ந்த பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை ஆகிய பதிப்புகள். இதையெல்லாம் அவரே 'என் சரித்திர'த்தில் சொல்கிறார். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக எழுதி, முடிக்காமலே 1942-இல் மறைந்தார். தடித்த புத்தகம்தான், ஆனால் தொடராக வந்ததால் சின்னச் சின்ன அத்தியாயங்கள். தொடர்கதை படித்து வளர்ந்த உங்களுக்கு அந்த நடை உடனே பிடிபடும். தமிழில் எனக்கு மிகவும் பிடித்த ஒரே ஒரு புத்தகத்தைச் சொல் என்றால் தயங்காமல் இதைச் சொல்வேன். பசியும் பாட்டும் ஆசிரியர் மேல் வைத்த அன்பும் இவ்வளவு நெருக்கமாகக் கலந்த இன்னொரு தன்வரலாற்றை நான் படித்ததில்லை.

அதே கும்பகோணம், அரை நூற்றாண்டு கழித்து எப்படி இருந்தது என்று பார்க்க ஜானகிராமனின் 'மோகமுள்'. தன்னைவிட மூத்த பெண் மேல் ஒரு இளைஞன் கொள்ளும் காதல்தான் கதை. அது உங்களுக்கு ஒட்டாமல் போகலாம். ஒட்டாவிட்டாலும் ரங்கண்ணா பாட்டுச் சொல்லிக் கொடுக்கும் பகுதிகளை விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. இதைத் தயங்கித்தான் சொல்கிறேன், ஆனால் சொல்லாமல் விட்டால் ஆற்றைப் பாதி மட்டும் காட்டியதாகிவிடும். காவிரி பாயும் அதே வயல்களில் உழைத்தவர்கள் கூலி உயர்வு கேட்டதற்காக, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' அந்தக் கொடுமையை அடிப்படையாகக் கொண்ட நாவல். 1977-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நிலவுடைமையாளரின் கொடுமைக்கு அவருடைய அந்தரங்கக் குறைபாட்டைக் காரணமாக்கியது எனக்கு உடன்பாடில்லை. அன்றைக்கே பலர் அதைக் கண்டித்தார்கள். ஆனாலும் படியுங்கள், படித்துவிட்டுக் கோபப்படுங்கள். வான் பொய்த்தாலும் தான் பொய்யாத காவிரி என்று பட்டினப்பாலை பாடிய தண்ணீர் யார் வயலுக்குப் போனது, யார் வயிற்றுக்குப் போகவில்லை என்ற கேள்வியும் இந்த ஆற்றின் கதைதான்.

வரிசையை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. எந்தப் புத்தகமாவது வேறு பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் போய்விடுங்கள். பண்டாரத்தாரிடமிருந்து கல்வெட்டுப் பக்கம் போகலாம், ரங்கண்ணாவிடமிருந்து இசைக் கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளுக்குப் போகலாம். முன்னுரைகளைத் தாண்டிப் போகாதீர்கள். ஒரு எழுத்தாளர் தான் யாரைப் படித்து வளர்ந்தார் என்பதை அங்கேதான் சொல்லியிருப்பார். எல்லாவற்றையும் வாங்கவும் வேண்டாம். நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. நூலகத்தை உரிமையோடு பயன்படுத்துங்கள்.

இனி உங்கள் மகள். இராமசாமி முதலியார் செய்ததை இன்னொரு முறை பாருங்கள். முதலில், நீ என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார். அப்புறம்தான் புத்தகத்தின் பெயரைச் சொன்னார். பெயரைச் சொன்னதோடு நிற்காமல் சிந்தாமணியின் பிரதி ஒன்றைத் தேடிக் கொண்டு வந்து கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போய்விடாமல் கூட உட்கார்ந்து படிக்கவும் செய்தார். நீங்கள் மகளிடம் ஐந்து பாகங்களை ஒன்றாகக் கொடுத்தீர்கள். அது உங்களுக்குப் பிடித்தது. அவளுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டீர்களா? வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்கு அறைக்கு வரும் பெண்ணுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் இன்னொரு வேலையாகத்தான் தெரியும்.

அவள் இருப்பது சென்னையில். புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' சிறுகதையை எடுங்கள். பிராட்வேயும் எஸ்பிளனேடும் சந்திக்கிற இடத்தில் கந்தசாமிப் பிள்ளை நின்றுகொண்டிருக்கிறார், கடவுள் வந்து வழி கேட்கிறார், பிறகு பிள்ளையின் வீட்டுக்கே விருந்தாளியாக வந்து தங்குகிறார். ஒரே இரவில் படித்துவிடலாம். படி என்று சொல்லாதீர்கள். அடுத்த முறை அவள் போன் செய்யும்போது, முதல் இரண்டு பக்கத்தை நீங்களே படித்துக் காட்டுங்கள். சிரித்தால் மீதியை அனுப்புங்கள். சிரிக்கவில்லையென்றால் விட்டுவிட்டு, அவள் சமீபத்தில் ரசித்தது எது என்று கேளுங்கள். படமாக இருக்கலாம், ஆங்கில நாவலாகவும் இருக்கலாம். அவள் சொல்வதை நீங்கள் ஒன்று படியுங்கள் அல்லது பாருங்கள். அந்த ஐந்து பாகங்களைப் பற்றி ஓராண்டுக்கு வாய் திறக்க வேண்டாம்.

'நடந்தாய் வாழி காவேரி' உங்கள் ஊர் நூலகத்தில் இல்லையென்றால் வேண்டுகோள் பதிவேட்டில் எழுதி வையுங்கள். படித்து முடித்ததும் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். குடகு மலையிலிருந்து கடல்வரை, எந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்துபோய் உங்கள் ஊர் ஆற்றைப் பார்த்தீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.