எட்டுப் பெண்கள், ஒரு வேன், இத்தாலி: கேள்வி-பதில்

பெண்கள் மட்டும் சிறு குழுவாகச் சேர்ந்து இத்தாலி போவது பற்றி வந்த கேள்விகளில், திரும்பத் திரும்ப வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். விசா, விமான டிக்கெட் சமாச்சாரங்களை ஒதுக்கிவிட்டேன். பெரும்பாலான பதில்கள் ஃபுளோரன்ஸையும் அதைச் சுற்றியுள்ள தஸ்கனி மலைகளையும் வைத்து எழுதியவை. முதல் தடவை போகிறவர்கள் ரோம், வெனிஸ், மிலான் என்று ஓடாமல் ஒரே ஊரில் ஆறு நாள் தங்குவதுதான் நல்லது என்பது என் கட்சி.

நாங்கள் கல்லூரித் தோழிகள் பதினான்கு பேர். எல்லோரும் ஒரே குழுவாகப் போகலாமா?

இரண்டு குழுவாகப் பிரிந்து போங்கள். காரணம் நட்பில் இல்லை, வேனில் இருக்கிறது. அங்கே வேன் என்றால் ஓட்டுநரோடு சேர்த்து ஒன்பது இருக்கை. அதற்கு மேல் ஒருவர் கூடினாலும் பஸ் கணக்குக்குப் போய்விடும். திராட்சைத் தோட்டங்களுக்கு ஏறும் மண் பாதையில் பெரிய பஸ் திரும்ப முடியாது. குடும்பமாக நடத்தும் தோட்டங்களில் சாப்பாட்டு மேஜையும் பத்துப் பேர் அளவுதான். அதனால் எட்டு. ஆளுக்கொரு பெரிய பெட்டி கொண்டுவந்தால் அந்த எட்டும் ஆறாகிவிடும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

பணக் கணக்கு இன்னொன்று. பல உணவகங்களில் பில்லை எட்டாகப் பிரித்துத் தரச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். முதல் நாளே ஆளுக்கு இவ்வளவு யூரோ என்று ஒரு பொதுப்பையில் போட்டு, ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். வைனை மட்டும் தனிக் கணக்காக வையுங்கள். குடிக்காதவர் மூன்றாவது நாள்வரை பெருந்தன்மையாக இருப்பார். நான்காவது நாள் இருக்கமாட்டார். பில்லில் ‘கொப்பெர்த்தோ’ என்று ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ இருந்தால் ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். ரொட்டிக்கும் மேஜைக்கும் வாங்குவது அது. மெனுவிலேயே போட்டிருக்கும்.

எந்த மாதம்?

செப்டம்பர் பின்பாதி. ஃபுளோரன்ஸுக்குத் தெற்கே கியாந்தி என்ற வைன் பகுதியில் திராட்சை அறுவடை நடக்கும், காற்றிலேயே புளித்த சாறு மணக்கும். தோட்டக்காரர்களுக்கு அப்போது தலைக்கு மேல் வேலை என்பதால் முன்பே நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணெய் ருசிக்கத்தான் போகிறோம் என்றால் நவம்பர். புது ஆலிவ் எண்ணெய் அப்போதுதான் கிடைக்கும். ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். வெயிலும் கொளுத்தும், 15ஆம் தேதியை ஒட்டிப் பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கும்.

எனக்கு ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாது. அருங்காட்சியகத்தில் கால் வலிக்க நிற்பதுதான் மிச்சம் என்று மகள் கிண்டல் செய்கிறாள். உண்மையா?

எதைப் பார்ப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் பார்த்தால் உண்மைதான். ஃபுளோரன்ஸின் பெரிய ஓவிய அருங்காட்சியகமான உஃபிட்சியில் எல்லா அறைகளையும் முடித்தேன் என்று சொல்பவர்களிடம் மறுநாள் கேட்டால் தேவதைகள், நிறைய தேவதைகள் என்பார்கள். ஒரு காலைக்கு ஐந்து ஓவியம் போதும்.

எங்கள் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் நாள் உஃபிட்சிக்குப் போகமாட்டோம். சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தை ஒட்டிய அருங்காட்சியகத்துக்குப் போவோம். அங்கே சகோதரி பிளவுத்தில்லா நெல்லி வரைந்த ‘கடைசி இராவுணவு’, அதாவது இயேசு பன்னிரண்டு சீடர்களோடு கடைசியாகச் சாப்பிட்ட காட்சி, இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் ஃபுளோரன்ஸ் மடம் ஒன்றில் இருந்த கன்னியாஸ்திரி அவர். வரையத் தானாகவே கற்றுக்கொண்டவர். ஏறத்தாழ ஏழு மீட்டர் அகலத் துணியில், ஆள் உயரத்தில் பதின்மூன்று ஆண்களை வரைந்திருக்கிறார். நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்த படம், நான்கு வருடம் சீர்செய்யப்பட்டு 2019இல்தான் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. மூலையில் கையெழுத்தோடு ‘ஓவியக்காரிக்காகப் பிரார்த்தியுங்கள்’ என்று எழுதியிருக்கிறார். நம் பெண்கள் அதிகம் நிற்பது மேஜைப் பக்கம். ஆட்டுக்குட்டி இறைச்சி, ரொட்டி, வைன், லெட்டூஸ் கீரை, பச்சை மொச்சை போன்ற ஃபாவா அவரை, சீனப் பீங்கான் கிண்ணங்கள் என்று விருந்து பரப்பியிருக்கிறது. சமையலறை தெரிந்தவர் வரைந்த மேஜை என்று பார்த்ததும் தோன்றும். ஓவியம் தெரியாது என்று வந்த ஒரு அம்மா அந்த மேஜையைப் பார்த்து அரைமணி நேரம் பேசினார்.

இரண்டாவதாக உஃபிட்சி. பொத்திச்செல்லியின் வீனஸைப் பார்த்துவிட்டு, ஆர்த்தெமீசியா ஜென்டிலெஸ்கி என்ற பெண் ஓவியர் வரைந்த, பைபிள் கதையில் வரும் யூதித்திடம் வாருங்கள். எதிரிப் படைத்தலைவனின் தலையை அறுக்கும் யூதித்தை எத்தனையோ ஆண்கள் வரைந்திருக்கிறார்கள். அவற்றில் பலவற்றில் பணிப்பெண் ஓரமாகப் பை பிடித்துக்கொண்டு நிற்பாள். இங்கே அவளும் சேர்ந்து அவனை அழுத்திப் பிடிக்கிறாள். யூதித்தின் கை, மாவு பிசைகிற கை போல முறுக்கேறியிருக்கிறது. தன்னைப் பலாத்காரம் செய்த ஓவியர் மீது 1612இல் ரோமில் நடந்த வழக்கில், சொல்வது உண்மையா என்று சோதிக்க ஆர்த்தெமீசியாவின் விரல்களைக் கயிற்றால் இறுக்கினார்கள். 1616இல் ஃபுளோரன்ஸ் ஓவியக் கழகத்தில் சேர்க்கப்பட்ட முதல் பெண் அவர்தான். இந்த ஓவியத்துக்கான பணம்கூடச் சுலபமாகக் கைக்கு வரவில்லை. அதை வாங்கித்தர உதவியவர் விஞ்ஞானி கலிலேயோ. பின்னாளில் அவருக்கு எழுதிய கடிதத்தில் ஆர்த்தெமீசியாவே அதை நினைவுகூர்கிறார்.

திங்கட்கிழமை உஃபிட்சிக்கும் டேவிட் சிலை இருக்கும் அக்கதேமியாவுக்கும் விடுமுறை. மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களில் இலவசம்தான், ஆனால் அன்று திருவிழாக் கூட்டம். காசு கொடுத்து வேறு நாளில் போங்கள்.

மிலானில் லியனார்தோவின் கடைசி இராவுணவுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. பயணத்தையே தள்ளிப்போடலாமா?

அதற்காகவா? கிடைத்தாலும் உள்ளே பதினைந்து நிமிடம்தான் விடுவார்கள். ஈரச் சுண்ணாம்பில் வரையாமல் காய்ந்த சுவரில் வரைந்ததால் அது சில பத்தாண்டுகளிலேயே உதிர ஆரம்பித்துவிட்டது. ஃபுளோரன்ஸில் மட்டும் அதே காட்சி மடங்களின் சாப்பாட்டு அறைச் சுவர்களில் பல இடங்களில் இருக்கிறது. துறவிகள் தாங்களும் அதே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதாக உணரவேண்டும் என்று அப்படி வரைந்தார்கள். ஒஞ்ஞிசாந்தி மடத்தில் கிர்லாந்தாயோ 1480இல் வரைந்ததில் மேஜைமேல் செர்ரிப் பழங்கள் சிதறிக் கிடக்கும். சாந்த் அப்பொலோனியாவில் காஸ்தாஞ்ஞோ வரைந்தது கன்னியாஸ்திரி மடத்துக்குள் இருந்ததால் பல நூற்றாண்டுகள் வெளியாள் யாரும் பார்த்ததில்லை. இப்போது உங்களைத் தவிர இரண்டு பேர் இருந்தால் அதிகம்.

சுத்த சைவம். முட்டைகூடக் கிடையாது. பத்து நாள் ரொட்டியும் தக்காளியும்தானா?

இல்லை. ஆனால் கேட்கத் தெரியவேண்டும். ஒருமுறை சியெனா பக்கத்தில் ஓர் உணவகத்தில் ‘இறைச்சி இல்லை’ என்று கொண்டுவந்த சூப்பை எங்கள் அக்கா ஒருவர் பாதி குடித்த பிறகுதான், அது எலும்பு வேகவைத்த சாற்றில் செய்தது என்று தெரிந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் அகராதியில் சாறு இறைச்சி ஆகாது. அன்றிலிருந்து குழுவில் எல்லோருக்கும் மூன்று வரி மனப்பாடம். ‘சென்ஸா பிரோதோ தி கார்னே’, இறைச்சிச் சாறு வேண்டாம். ‘சென்ஸா அச்சூகே’, நெத்திலி வேண்டாம், கீரையில்கூடக் கரைத்துவிடுவார்கள். ‘சென்ஸா உவோவா’, முட்டை வேண்டாம்.

சீஸ் விஷயத்தில் பலருக்கு அதிர்ச்சி காத்திருக்கிறது. நாம் பாலுக்கு மோர் விட்டு உறை குத்துகிறோம். பார்மஜானோ ரெஜ்ஜானோவுக்குக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளைத்தான் சேர்ப்பார்கள், விதியே அதுதான். பெக்கொரீனோ ரொமானோவில் அது ஆட்டுக்குட்டியிலிருந்து. மனம் ஒப்பாதவர்கள் ‘காலியோ வெஜெதாலே’, அதாவது தாவர உறை என்று லேபிளில் எழுதியிருக்கும் சீஸைத் தேடுங்கள். பாஸ்தா மேல் தூவுவதற்கு முன்பே கையை நீட்டித் தடுத்துவிடவேண்டும், தூவுகிற கை வேகமானது.

இனி நல்ல செய்தி. தஸ்கனி ஏழைகளின் சமையலில் வளர்ந்த ஊர். காய்ந்த ரொட்டியும் தக்காளியும் சேர்த்துக் களி போலக் கிளறும் பப்பா அல் பொமதோரோ, வெள்ளைப் பீன்ஸும் கருங்கீரையும் சேர்ந்த ரிபொல்லீத்தா, கொண்டைக்கடலை மாவில் சுட்ட செச்சீனா எல்லாம் உண்டு. முதல் இரண்டிலும் சாறு எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். முட்டை பற்றி ஒரு சுலபக் கணக்கு: பொலோஞ்ஞா பக்கத்துப் புதுப் பாஸ்தாவில் முட்டை இருக்கும், கடையில் விற்கும் காய்ந்த ஸ்பகெட்டியில் பெரும்பாலும் ரவையும் தண்ணீரும்தான். தஸ்கனி ரொட்டியில் உப்பு இருக்காது. அது சமையல்காரர் மறந்ததல்ல, ஊர் வழக்கம். ஊறுகாய் கொண்டுபோங்கள், வெட்கப்படாதீர்கள்.

நான் குடிப்பதில்லை. வைன் தோட்டம் போகும் நாளில் என்ன செய்வேன்?

வாருங்கள், மற்றவர்களைவிட உங்களுக்குத்தான் அதிகம் நினைவிருக்கும். வைன் ருசிப்பது குடிப்பதல்ல. மேஜையில் துப்புவதற்கென்றே ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். தொழில்முறையில் ருசிப்பவர்கள் எல்லோரும் துப்பத்தான் செய்கிறார்கள். முகர்ந்து பார்த்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பல தோட்டங்களில் ஆலிவ் எண்ணெயும் ருசிக்கத் தருவார்கள். நல்ல எண்ணெய் தொண்டையில் மிளகு போல உறைக்கும், இருமல் வரும்.

வின் சாந்தோ என்ற வைன் செய்யும் பரணைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். திராட்சையைப் பாயில் பரப்பியோ உத்தரத்தில் தொங்கவிட்டோ மாதக்கணக்கில் உலர்த்தி, பிழிந்து, சின்னப் பீப்பாய்களில் அடைத்து ஓட்டுக்குக் கீழே வருடக்கணக்கில் விட்டுவிடுவார்கள். கோடை வெக்கையும் குளிரும் மாறி மாறி அதைப் பக்குவப்படுத்தும். நம் வீட்டு மொட்டைமாடி வடாம் நினைவு வரும்.

குடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கியாந்தி வேறு, கியாந்தி கிளாசிக்கோ வேறு. இரண்டாவது, ஃபுளோரன்ஸுக்கும் சியெனாவுக்கும் நடுவிலுள்ள பழைய பகுதியில் விளைவது. 80 சதவீதமாவது சாஞ்ஜொவேஸே திராட்சை இருக்கவேண்டும், பாட்டில் கழுத்தில் கறுப்புச் சேவல் முத்திரை இருக்கும். சேவலுக்கு ஒரு கதை உண்டு. எல்லைத் தகராறைத் தீர்க்க, சேவல் கூவியதும் இரண்டு ஊரிலிருந்தும் ஒவ்வொரு வீரன் கிளம்பவேண்டும், சந்திக்கும் இடம் எல்லை என்று ஒப்பந்தம். சியெனாக்காரர்கள் தங்கள் வெள்ளைச் சேவலுக்கு வயிறாரத் தீனி போட்டார்கள். ஃபுளோரன்ஸ்காரர்கள் கறுப்புச் சேவலைப் பட்டினி போட்டார்கள். பசியில் அது நடுராத்திரியிலேயே கூவிவிட்டது, அவர்கள் வீரன் முன்னதாகக் கிளம்பி அதிக நிலத்தைப் பிடித்துவிட்டான். கதைதான், தோட்டத்துக்குத் தோட்டம் கொஞ்சம் மாறும்.

சமையல் வகுப்புக்குப் பணம் கட்டலாமா?

கட்டலாம், ஒரே பண்டத்தைச் சொல்லித்தரும் வகுப்பாக இருந்தால். இரண்டு மணி நேரத்தில் ஐந்து பண்டம் என்றால் நீங்கள் கைதட்டிப் படம் எடுக்கத்தான் போகிறீர்கள். பொலோஞ்ஞாவில் ‘ஸ்ஃபொலீனா’ என்ற பெண்கள் இருக்கிறார்கள். கைநீள உருட்டுக்கட்டையால் பாஸ்தா மாவைத் திரட்டுவதே அவர்கள் தொழில். நூறு கிராம் மாவுக்கு ஒரு முட்டை, அவ்வளவுதான். சப்பாத்தி திரட்டிப் பழகிய கை என்பதால் நமக்குச் சுலபம் என்று நினைத்தேன். மேஜை முழுக்கப் பரவும் ஒரே அப்பளத்தை, அடியில் வெளிச்சம் தெரியும் அளவுக்குத் திரட்டச் சொன்னபோது வாயை மூடிக்கொண்டேன். ஃபுளோரன்ஸிலிருந்து வேக ரயிலில் நாற்பது நிமிடத்துக்குள் போய்விடலாம். முட்டை ஆகாதவர்கள் சியெனா பக்கத்தில் பீச்சி கற்றுக்கொள்ளலாம், பெரும்பாலும் மாவும் தண்ணீரும்தான். கையால் உருட்டிய தடித்த இடியாப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முழங்கால் வலி. வயது 63.

வரலாம். ஃபுளோரன்ஸ் பேராலயக் குவிமாடத்துக்கு 463 படி, லிஃப்ட் கிடையாது, அதை விட்டுவிடுங்கள். மலைமேலிருந்து ஊரைப் பார்க்க மிக்கேலாஞ்ஜலோ சதுக்கத்துக்கு டவுன் பஸ் போகிறது. உஃபிட்சியில் லிஃப்ட் உண்டு, கேட்டால் காட்டுவார்கள். சியெனா ரயில் நிலையத்திலிருந்து ஊருக்குள் ஏற எஸ்கலேட்டர் இருக்கிறது. கல் பாவிய தெருக்கள்தான் உண்மையான எதிரி. புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு கிளம்பாதீர்கள், மூன்று மாதம் போட்டுப் பழகியதைக் கொண்டுவாருங்கள்.

அறைத்தோழி குறட்டை விடுவாள். தனியறை கேட்டால் தப்பாக நினைப்பாளா?

கேளுங்கள். தனியறைக்குக் கூடுதல் கட்டணம் உண்டு, அது நட்பைவிட மலிவு.

வீட்டுக்கு என்ன வாங்கி வரலாம்?

இந்தியா திரும்புகிறவர்களுக்குத் தீர்வையின்றி இரண்டு லிட்டர் மதுவரை அனுமதி. 750 மில்லி பாட்டில் இரண்டு வரலாம், மூன்றாவது கணக்கை மீறும். பெட்டியின் நடுவில் சுடிதாருக்குள் சுற்றி வையுங்கள். எனக்குப் பிடித்தது மொதெனா ஊரின் பாரம்பரிய பால்சமிக்கோ காடி, அதாவது வினிகர். திராட்சைச் சாற்றைக் காய்ச்சி, குறைந்தது 12 வருடம் பீப்பாய் மாற்றி மாற்றி வைத்து எடுப்பது. சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் கறுப்புக் காடி வேறு ஜாதி. விலை கொஞ்சம் கண்ணைக் கட்டும். உருண்டையான 100 மில்லி பாட்டிலில்தான் விற்பார்கள், பல விமான நிலையங்களில் கைப்பெட்டியில் திரவத்துக்கு அனுமதிக்கும் அளவும் அதேதான். வீட்டில் வெனிலா ஐஸ்கிரீம் மேல் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள்.