நீண்ட தூர விமானப் பயணத்துக்கு முன் விமான நிலைய லவுஞ்சை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்வது எப்படி?

லவுஞ்சுக்குள், அதாவது விமான நிலையத்தில் சாப்பாடும் ஓய்விடமும் தரும் காத்திருப்புக் கூடத்துக்குள், நுழைந்ததும் பெரும்பாலோர் தட்டைத் தேடுகிறார்கள். நான் வரவேற்பு மேசையில் கேட்பது ஒன்றுதான்: "குளிக்க இடம் இருக்கிறதா?"

மகள் கலிபோர்னியாவில் இருப்பதால் சென்னை - சிங்கப்பூர் - சான் பிரான்சிஸ்கோ எனக்குப் பழகிப்போன வழி. சென்னையில் நள்ளிரவை ஒட்டி ஏறினால் நாலு மணி நேரத்தில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம். அங்கிருந்து அடுத்த விமானத்தில் ஏறக்குறைய 15 மணி நேரம். நடுவே கிடைக்கும் இடைவெளியில் உடம்பைத் தேற்றிக்கொள்ளாவிட்டால் பசிபிக்கைக் கடக்கும்வரை அவஸ்தைதான்.

குளியலறைகள் சிலவே இருக்கும். காலையில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் குளிக்கத் தோன்றும். அதனால் முதலில் பெயரைக் கொடுத்துவிட்டு, முறை வரும்வரை காப்பி குடிக்கலாம். துண்டு, சோப்பு, ஷாம்பு அநேகமாக அங்கேயே தருவார்கள். சீப்பும் ரப்பர் செருப்பும் நம்முடையதாக இருப்பது நல்லது. மாற்று உடையைக் கைப்பையின் மேல்பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருப்பேன். கழற்றிய துணி அதே உறைக்குள் போய்விடும். உடை தளர்வான பருத்தியாக இருக்கட்டும். நெடுநேரம் உட்கார்ந்தால் பாதம் வீங்கும் என்பதால் ஷூவையும் இறுக்கிக் கட்ட வேண்டாம்.

இனி சாப்பாடு. லவுஞ்சுக்குள் விடும் வங்கிக் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் கட்டியிருக்கிறோம், அதை வசூலித்தே தீருவது என்று கல்யாணப் பந்தியில் உட்கார்ந்ததுபோல் சாப்பிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கிறது. பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருக்கும் அளவுக்குத்தான் வைக்கப்படுகிறது. அதாவது ஏறக்குறைய ஊட்டியின் உயரம். வயிற்றுக்குள் இருக்கும் வாயு அங்கே விரியும். ஆகவே கொண்டைக்கடலை, ராஜ்மா, சோடா வகையறாவைத் தொடுவதில்லை. உள்ளே ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடுவதால், இலவசமாகக் கிடைக்கிறதே என்று பீரும் ஒயினும் ஏற்றிக்கொள்வதும் எனக்கு உசிதமாகப் படவில்லை. கஞ்சியோ சூப்போ கொஞ்சம் பழமோ போதும்.

சென்னையில் மட்டும் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்வேன். நள்ளிரவு விமானத்தில் உணவு வந்துசேர ஒரு மணி, இரண்டு மணி ஆகிவிடும். அந்நேரத்துச் சாப்பாட்டுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வானேன்? லவுஞ்சிலேயே இட்லியோ தயிர்சாதமோ முடித்துவிட்டு, ஏறியதும் எழுப்ப வேண்டாம் என்று பணிப்பெண்ணிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன்.

சாங்கியில் ஒரு விசேஷம் உண்டு. 4-ஆம் முனையத்தைத் தவிர மற்றவற்றில் பாதுகாப்புச் சோதனை விமானம் ஏறும் வாயிலருகில்தான் நடக்கும். லவுஞ்சில் ஆசையாக நிரப்பிய தண்ணீர்ப் பாட்டிலை அங்கே கொட்டச் சொல்வார்கள். காலிப் பாட்டிலோடு போய், ஏறியபின் நிரப்பித் தரச் சொல்லுங்கள். அந்தச் சோதனைக்கும் வரிசை உண்டு என்பதால் லவுஞ்சிலிருந்து ஒரு மணி நேரம் முன்பாகவே கிளம்புவது உத்தமம். பல லவுஞ்சுகளில் விமான அறிவிப்பே கேட்காது, கைப்பேசியில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். சாங்கியில் உள்ள மின்துளைகள் சதுரக் கால் பிளக்குக்கானவை. நம் ஊர் உருண்டைக் கால் சார்ஜருக்கு அடாப்டர் வேண்டும்.

கார்டு விஷயத்தை வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். முந்தைய காலாண்டில் குறிப்பிட்ட தொகை செலவழித்திருந்தால்தான் அனுமதி என்று பல இந்திய வங்கிகள் விதி வைத்திருக்கின்றன. உள்நாட்டு லவுஞ்சுக்குச் செல்லும் கார்டு வெளிநாட்டில் செல்லாமல் போகலாம். உடன் வருபவருக்குத் தனிக் கட்டணம் பிடிக்கப்பட்டு, அது பிறகு பில்லில் வந்து நிற்கும். பல இடங்களில் புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரத்துக்கு முன் உள்ளே விடுவதும் இல்லை.

கையில் ஒன்றரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால் சாங்கியில் நான் லவுஞ்சுக்கே போவதில்லை. முனையங்களில் ஆங்காங்கே காலைப் பிடித்துவிடும் இயந்திரங்கள் இலவசமாக இருக்கின்றன. அதில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு, 3-ஆம் முனையம் என்றால் பட்டாம்பூச்சித் தோட்டத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வாயிலுக்குப் போய்விடுவேன்.