டான்சிலை எடுத்தால் சிறுநீரகம் சரியாகுமா?

கோத்தகிரி அக்காவுக்கு வணக்கம். தம்பிக்குத் தொண்டை வலி வந்த மறுநாளே சிறுநீர் பால் விடாத டீ நிறத்தில் போகிறது, பயாப்ஸியில் ஐஜிஏ நெஃப்ரோபதி என்ற சிறுநீரக நோய் என்று வந்திருக்கிறது, டான்சிலை எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கும் இதே நோய்தான், குன்னூரில் இருக்கிறேன்.

தொண்டைக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் நானும் முதலில் குழம்பினேன். டான்சில் வெறும் சதை இல்லை, ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதத்தைச் சுரக்கும் செல்கள் அங்கே நிறைய உண்டு. இந்த நோயில் அந்தப் புரதத்தின் ஒரு பகுதி, காலக்டோஸ் என்ற சர்க்கரை குறைந்து, அரைகுறையாக உருவாகிறது. உடம்பே அதை அந்நியமாக நினைத்து எதிராக இன்னொரு எதிர்ப்புப் புரதத்தை உண்டாக்க, இரண்டும் ஒட்டிக்கொண்டு சிறுநீரக வடிகட்டியில் போய்ப் படிகின்றன. அரைகுறைப் புரதம் உருவாகும் இடங்களில் டான்சிலும் ஒன்று என்று கருதுகிறார்கள்.

அதனால்தான் ஜப்பானில் டான்சிலை எடுத்து, கூடவே ஸ்டீராய்டும் கொடுப்பது வழக்கம். ஆனால் கேடிகோ என்ற சர்வதேச சிறுநீரக அமைப்பின் 2021 வழிகாட்டி, ஐரோப்பிய வம்சாவளியினருக்கு இதற்காக டான்சிலை எடுக்க வேண்டாம் என்றது. நம்மவர்களுக்கு அதில் அப்படித் தெளிவான பதில் இல்லை. அவசரப்படாதீர்கள் என்பேன். டான்சிலில் அடிக்கடி சீழ் பிடித்தால் அது வேறு கதை, காது மூக்கு தொண்டை மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும்.

இப்போதைக்கு முக்கியம் ரத்த அழுத்தமும் சிறுநீரில் போகும் புரதத்தின் அளவும்தான். உப்பைக் குறையுங்கள் (ஊறுகாயை விடுவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது). அப்புறம், தொண்டை வலிக்கு மருந்துக்கடையில் நீங்களாக டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை வாங்கிப் போட வேண்டாம், அவை சிறுநீரகத்துக்கு ஆகாது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையில், கடைசியாகப் பார்த்த கிரியேட்டினின் எவ்வளவு?