கடைத்தெரு கேள்வி பதில்: "கடை எப்போங்க திறப்பீங்க?"

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை. டீக்கடையோ மெஸ்ஸோ கஃபேயோ, எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று நம்பிப் போக முடிவதில்லை என்கிறார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனிகள் நிறைந்த ஒரு ரோட்டில் நானும் வீட்டுக்காரரும் டீக்கடையும் சின்னதாக ஒரு பேக்கரியும் நடத்துகிறோம். இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்துவிட்டேன்.

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். காலை எட்டரைக்கு உள்ளே போகணும். எங்கள் லைன் வீட்டுப் பக்கம் இருப்பது ஒரே டீக்கடை. ஒரு நாள் ஐந்தரைக்கே திறந்திருக்கும், மறுநாள் ஏழரை ஆகியும் பூட்டியிருக்கும். "ஏனுங்க இன்னைக்கு லேட்டு?" என்று கேட்டால் கடைக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். கேட்டது தப்பா?
— வாசகி, அனுப்பர்பாளையம்

தப்பே இல்லை, அம்மிணி. ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் இரவு எட்டரை வரைக்கும் நிற்க வேண்டிய வேலை உங்களுடையது. காலையில் ஒரு டீயும் தேங்காய் பன்னும் கிடைக்குமா கிடைக்காதா என்பது உங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. வெறும் வயிற்றோடு வந்து பதினொரு மணி டீ வரைக்கும் கண் இருட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளைகளை எங்கள் ரோட்டில் நிறையப் பார்க்கிறேன். கடைக்காரர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அவர் பக்கத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஐந்தரைக்கு முதல் டீ போட வேண்டுமென்றால் நாலரைக்குக் கடையில் ஆள் இருக்கணும். பாய்லரில் தண்ணீர் நிறைத்து, அடுப்பைப் பற்றவைத்து, அது கொதி வருவதற்குள் பாலைக் காய்ச்சி, வடைப் பருப்பை ஆட்டி வைக்கணும். பால்காரர் அரை மணி நேரம் பிந்தினால் எல்லாமே அரை மணி நேரம் பிந்தும். டீ மாஸ்டர்கள் பெரும்பாலும் தினக்கூலிக்கு வருகிறவர்கள். நேற்று ராத்திரி "வரேங்க" என்று சொல்லிப் போனவர் இன்று காலையில் போனை எடுக்க மாட்டார். வேறு கடையில் ஐம்பது ரூபாய் சேர்த்துக் கொடுத்திருப்பார்கள். அன்றைக்கு முதலாளியே மாஸ்டர், அவரே கிளாஸ் கழுவுகிறவர், அவரே கல்லாவும். அந்த நேரத்தில், நாலு பேர் முன்னால் ஏன் லேட் என்று கேட்டால் யாருக்கும் முகம் சுருங்கத்தான் செய்யும்.

அதனால் ஏழரைக்குக் கேட்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். "அண்ணா, எத்தனை மணிக்கு வந்தா கட்டாயம் டீ கிடைக்கும்?" என்று கேளுங்கள். ஏன் லேட் என்றால் குறை சொல்வதாகத்தான் அவருக்குப் படும். இப்படிக் கேட்டால் ஒரு நேரம் சொல்லியே ஆகணும். ஆறரை என்று சொன்னால் ஆறரையே போதும், நீங்கள் அதற்குத் தகுந்த மாதிரி கிளம்பிக்கொள்ளலாம். சில நாள் ஐந்து மணிக்கே திறக்கிற கடையை விட, தினமும் ஆறரைக்குத் திறக்கிற கடைதான் வேலைக்குப் போகிறவர்களுக்கு உதவும். லைன் வீட்டில் இருக்கிற நாலைந்து பேர் சேர்ந்து போய்க் கேட்டால் இன்னும் நல்லது. இத்தனை டீ நிச்சயம் விற்கும் என்று தெரிந்தால் அவருக்கும் எழுந்திருக்க ஒரு பிடிப்பு வரும்.

நானும் கல்லூரித் தோழியும் சேர்ந்து சின்னதாக ஒரு கஃபே தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. காலை 11 முதல் இரவு 11 வரை, வாரம் ஏழு நாளும் என்று போட்டோம். முடியவில்லை. சில நாள் ஒரு மணிக்குத்தான் திறக்கிறோம், கூட்டம் இல்லாவிட்டால் ஒன்பதுக்கே மூடிவிடுகிறோம். கூகுள் மேப்பில் ஒரு நேரம், இன்ஸ்டாகிராமில் ஒரு நேரம் இருக்கிறது. "வந்து பார்த்தோம், பூட்டியிருந்தது" என்று ஒற்றை ஸ்டார் விழுகிறது. நேரத்தைக் குறைத்தால் வியாபாரம் போய்விடுமா?
— வாசகி, வடவள்ளி, கோவை

நேரத்தைக் குறையுங்கள். இன்றைக்கே குறையுங்கள். நாளுக்கு 12 மணி நேரம், ஏழு நாள் என்றால் வாரத்துக்கு 84 மணி நேரம். திறக்கும் முன்னால் கூட்டித் துடைப்பதும், மூடிய பிறகு கணக்குப் பார்ப்பதும் இதில் சேரவில்லை. கடையில் வேலைக்கு இருக்கிறவருக்கு வாரம் 48 மணி நேரம் என்று சட்டம் கணக்கு வைத்திருக்கிறது. முதலாளிக்குக் கணக்குப் பார்க்க ஆளில்லை என்பதற்காக நீங்கள் இரண்டு பேரும் உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், கண்ணு.

எந்த நேரத்தைக் குறைப்பது என்பதை மனக்கணக்காக முடிவு செய்யாதீர்கள். உங்கள் பில்லிங் மெஷினில் ஒவ்வொரு பில்லுக்கும் நேரம் பதிவாகியிருக்கும். கடந்த இரண்டு மாத பில்லை எடுத்து, மணி வாரியாக எத்தனை பில் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பெரும்பாலும் காலையில் இரண்டு மூன்று மணி நேரம் ஈ ஓட்டிக்கொண்டு இருந்திருப்பீர்கள். அதை வெட்டுங்கள். கிழமை வாரியாகவும் பாருங்கள், மந்தமான கிழமையில் வார விடுமுறை விடுங்கள். பிறகு அந்த நேரத்தை எழுதி மாட்டி, குறைந்தது மூன்று மாதம் மாற்றாமல் இருங்கள். ஜனங்களுக்கு ஒரு கடையின் நேரம் மனதில் பதிய அவ்வளவு நாளாகும்.

கூட்டம் இல்லை என்று ஒன்பது மணிக்கு மூடுகிறீர்களே, அதுதான் எனக்கு மனதுக்கு வருத்தமாக இருக்கிறது. பதினொரு மணி வரைக்கும் திறந்திருப்பார்கள் என்று நம்பி, வேலை முடித்து, பஸ் மாறி ஒருத்தர் வருகிறார். பூட்டியிருப்பதைப் பார்த்த பிறகு அவர் மறுபடி வரமாட்டார். கூட வந்தவரிடமும் சொல்லிவிடுவார். கூட்டம் இல்லாததால் சீக்கிரம் மூடுவதும், சீக்கிரம் மூடுவதால் கூட்டம் வராததும் ஒன்றை ஒன்று வளர்த்துக்கொண்டே போகும். ஒன்பதுக்கு மேல் முடியாது என்றால் ஒன்பது என்றே போடுங்கள். போட்ட பிறகு, எட்டே முக்காலுக்கு ஒருவர் உள்ளே வந்தாலும் சிரித்த முகத்தோடு காபி கொடுங்கள்.

மெஷினைக் கழுவி வைத்துவிட்டு, "காபி முடிஞ்சுதுங்க, வேணும்னா கேக் இருக்கு" என்று சொல்கிற கடைகளும் இருக்கின்றன. மெஷின் கழுவ அரை மணி நேரம் வேண்டுமென்றால் "கடைசி ஆர்டர் 8.30" என்று தனியாக எழுதிவிடுங்கள்.

கூகுள் மேப் விஷயம். கடையை உங்கள் பெயரில் சரிபார்த்து எடுத்துக்கொண்டீர்களா என்று முதலில் பாருங்கள். எடுக்காவிட்டால், யாரோ போகிற போக்கில் போட்ட நேரம்தான் அதில் நிற்கும். எடுத்த பிறகும் யார் வேண்டுமானாலும் திருத்தம் சொல்லலாம், கூகுள் அதை ஏற்றுக்கொண்டு மாற்றியும் விடலாம். அதனால் வாரம் ஒரு முறை திறந்து பார்க்கணும். பண்டிகை, லீவு நாட்களுக்குத் தனி நேரம் போட அதிலேயே வசதி உண்டு. மாதாந்திரப் பராமரிப்புக்காகத் துணை மின் நிலையம் வாரியாகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் எடுப்பார்கள் அல்லவா, அது முன்னாடியே பேப்பரில் வந்துவிடும். உங்கள் ஏரியா பெயர் இருந்தால் அன்றைய நேரத்தையும் முதல் நாளே மாற்றிவிடுங்கள். கரண்ட் இல்லாமல் உங்கள் மெஷின் ஓடாது.

இன்னொன்று: பாதி ஷட்டர். தயவுசெய்து அது வேண்டாம். கடை பாதி ஏற்றி இருக்கும். உள்ளே விளக்கு எரியும், மிக்ஸி ஓடும் சத்தம் கேட்கும். வருகிறவர் குனிந்து எட்டிப் பார்ப்பார். "இன்னும் ஆகலைங்க" என்று உள்ளிருந்து ஒரு குரல் வரும். வயதானவர்கள் அப்படிக் குனிந்து நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுப்பதில்லை. நேரம் ஆகவில்லை என்றால் முழுக்க இறக்கி வையுங்கள், வெளியே நேரம் எழுதியிருக்கட்டும்.

கோபியில் நானும் மனைவியும் மட்டும் இருக்கிறோம், இருவருக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது. காலை டிபன் பக்கத்து மெஸ்ஸில்தான், மாதக் கணக்கு. நடத்துகிற அம்மா நல்லவர். ஆனால் திடீர் திடீரென்று சொல்லாமல் மூடிவிடுகிறார். மனைவிக்குச் சர்க்கரை. மாத்திரை போட்டுவிட்டுக் காத்திருக்கிறாள்.
— வாசகர், கோபிசெட்டிபாளையம்

ஐயா, முதலில் மாத்திரை விஷயம். டிபன் கைக்கு வரும் முன்னால் உங்கள் வீட்டம்மா மாத்திரை போட வேண்டாம். சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிற சில சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை அளவு விழுந்து வியர்க்கும், கை நடுங்கும், மயக்கமும் வரலாம். இன்சுலினும் அப்படித்தான். எந்த மாத்திரை, எப்போது என்று டாக்டரிடம் ஒருமுறை தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் அவல், ரவை, ரொட்டி என்று ஏதாவது ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

மெஸ் நடத்தும் அம்மாவுக்கு இது தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். நேரில் போய்ச் சொல்லுங்கள், சங்கடப்பட வேண்டாம். "மூடறது உங்க சௌகரியமுங்க, ஆனா முந்தின நாள் ராத்திரி ஒரு போன் பண்ணிடுங்க" என்று கேளுங்கள். தனியாக மெஸ் நடத்துகிற பெண்ணுக்கு உடம்பு முடியாமல் போகும், பேத்திக்குச் சீர் வரும், துக்கம் சொல்லிக்கொண்டா வருகிறது? மூடத்தான் வேண்டியிருக்கும். ஆனால் இந்த மாதிரிச் சின்ன மெஸ்ஸில் மாதக் கணக்குக்காரர்கள் பெரும்பாலும் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். அவர்கள் நம்பரை அடுப்பு மேடைச் சுவரில் எழுதி வைத்திருந்தால், மூடுகிற அன்றைக்குப் பேத்தியோ பக்கத்து வீட்டுப் பையனோ கூடப் போன் போட்டுச் சொல்லிவிடலாம். மெஸ் நடத்துகிற சகோதரிகள் இதைப் படித்தால், இன்றைக்கே அந்த நம்பர்களை எழுதி ஒட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

டாஸ்மாக் மட்டும் பகல் 12 மணிக்கு டாண் என்று திறக்கிறது. டீக்கடை ஏன் அப்படி இல்லை?
— வாசகர், பல்லடம்

அது அரசாங்கக் கடை. முன்பு பத்து மணிக்குத் திறந்ததை 2016-இல் 12 மணி என்று மாற்றினார்கள், இரவு 10 வரை. மாதச் சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள், ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் திறப்பார். தெருக்கோடி டீக்கடைக்கு அப்படி இரண்டாவது ஆள் கிடையாது. சாவியை நம்பிக் கொடுக்க ஒரு ஆளைப் பழக்கிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

தமிழ்நாட்டில் கடைகள் 24 மணி நேரமும் திறக்கலாம் என்கிறார்களே, நாலு பேர் வேலை செய்கிற எங்கள் டிபன் கடைக்கும் அது உண்டா?
— வாசகர், அவிநாசி

2019-இல் வந்த அரசாணை பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற கடைகளுக்கானது. மூன்று ஆண்டுகளுக்கு என்று கொடுத்ததை 2022-இலும், பிறகு 2025-இலும் நீட்டித்தார்கள். நாலு பேர் வைத்திருக்கிற உங்கள் கடைக்கு அது வராது. உங்கள் ஊருக்கு என்ன நேரம் என்பதைத் தொழிலாளர் உதவி ஆய்வாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கடை எத்தனை மணி நேரம் ஓடினாலும், வேலை செய்கிறவருக்கு வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை கொடுத்தாக வேண்டும். அந்த நாளைச் சரியாகக் கொடுக்கிற கடையில் மாஸ்டர் சொல்லாமல் ஓடுவதும் குறைகிறது, இது நான் கண்ணால் பார்த்தது.

தீபாவளிக்கு ஊருக்குப் போகிற மாஸ்டரும் பையன்களும் எப்போது திரும்புவார்கள் என்றே தெரிவதில்லை. எத்தனை நாள் லீவு என்று எப்படி போர்டு போடுவது?
— வாசகர், ஈரோடு

அவர்கள் மதுரை, தேனிப் பக்கம் போனால் சொன்ன நாளில் திரும்புவது சிரமம்தான். பஸ்ஸில் இடம் கிடைக்காது, வீட்டில் விடமாட்டார்கள். அதனால் அவர்கள் சொல்கிற நாளோடு இரண்டு நாள் கூட்டிப் போர்டு போடுங்கள். முன்னாடியே வந்துவிட்டால் பையன்களை வைத்து இடத்தைக் கழுவி, சுண்ணாம்பு அடித்துக்கொள்ளலாம், சொன்ன நாளுக்கு முன்னால் திறக்க வேண்டாம். "மறு அறிவிப்பு வரும் வரை" என்று மட்டும் எழுதாதீர்கள். படிக்கிறவருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. திறக்கும் தேதி, கிழமை, மணி மூன்றும் இருக்கணும், எண்கள் ரோட்டின் எதிர்ப்பக்கம் நின்றாலும் தெரிகிற அளவுக்குப் பெரிதாக இருக்கணும். வடக்கிலிருந்து வந்து வேலை செய்கிறவர்களுக்கும் எண் புரியும்.

உங்கள் ஊர் பெரிய மாரியம்மன் பண்டிகைக்கும் இதையே செய்யுங்கள். பங்குனியில் கம்பம் நடுவதும், கம்பம் எடுத்துக் காவிரிக்குக் கொண்டுபோகிற நாளும் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. பத்து நாளைக்கு முன்னாலேயே போர்டு போட எந்தத் தடையும் இல்லை.

திருப்பூரில் புதிதாக டீக்கடை போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை லீவு விடலாமா?
— வாசகர், திருப்பூர்

எந்த ரோடு என்று எழுதவில்லையே, தம்பி. கம்பெனிகள் மட்டும் இருக்கிற ரோடு என்றால் தாராளமாக விடலாம், அன்றைக்கு ஆளே இருக்காது. கறிக்கடை, காய்க்கடை, பஸ் ஸ்டாப் பக்கம் என்றால் விடாதீர்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கியவர்கள் ஞாயிறு காலையில்தான் குடும்பத்தோடு வெளியே வருவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் திங்கட்கிழமை மத்தியானத்துக்கு மேல் மூடுவது நல்லது. கடை இருக்கும் இடத்தை எழுதுங்கள், அடுத்த இதழில் இன்னும் விவரமாகச் சொல்கிறேன்.