பழைய கோச் தோல் பையைத் தண்ணீரில் முக்கிக் கழுவலாமா?

கேள்வி கேட்டவருக்கு நியூயார்க்கில் பழைய பொருள் விற்கும் ஒரு த்ரிஃப்ட் கடையில் 15 டாலருக்கு அடர் சிவப்பு நிறத்தில், கோச் (Coach) என்ற அமெரிக்க நிறுவனத்தின் பழைய கைப்பை ஒன்று கிடைத்திருக்கிறது. உள்ளே லைனிங் துணி கிடையாது. தோல் விறைத்திருக்கிறது, மக்கின வாடை அடிக்கிறது, மூலைகளில் சாயம் போயிருக்கிறது, வாரில் ஓரிடத்தில் தையல் விட்டிருக்கிறது. இந்த மாதிரிப் பையை அப்படியே சோப்புத் தண்ணீரில் முக்கி எடுக்கிறார்களே, நம்பிச் செய்யலாமா என்பதுதான் அவருடைய கேள்வி.

செய்யலாம். நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன், எட்டு வருடமாக வார இறுதிகளில் இப்படிப்பட்ட பைகளைத் தேடி வாங்கிச் சரிசெய்வதுதான் என் பெரிய சந்தோஷம், இதுவரை இருபதுக்கு மேல் முக்கி எடுத்திருக்கிறேன். ஆனால் எந்தப் பை என்று பார்க்காமல் முக்கினால் அழுதுகொண்டுதான் உட்கார வேண்டும். அதனால் முதலில் இந்தப் பை ஏன் தண்ணீரைத் தாங்குகிறது என்று சொல்லிவிடுகிறேன்.

கோச் 1941-இல் மன்ஹாட்டனில் ஆறு தோல் தொழிலாளர்களோடு தொடங்கிய ஒரு சின்னக் குடும்பப் பட்டறை. பிறகு அதை நடத்திய மைல்ஸ் கான், பேஸ்பால் கையுறையின் தோல் அடிபட அடிபட மெத்தென்று ஆவதையும் பளபளப்பு கூடுவதையும் கவனித்து, அதே குணம் வரும்படி மாட்டுத்தோலைப் பதப்படுத்திப் பை செய்யலாம் என்று இறங்கினார். 1962-இல் வடிவமைப்பாளர் பானி கேஷின் வந்து சேர்ந்தார். உங்கள் பையின் முன்பக்கம் பித்தளையில் ஒரு திருகுப்பூட்டு இருக்குமே, அது அவர் கொண்டுவந்தது, தன் காரின் மடக்குக் கூரையை இறுக்கும் கொக்கியைப் பார்த்து அந்த யோசனை வந்ததாம். நமக்கு முக்கியமானது என்னவென்றால், அந்தக் காலத்துப் பைகளில் தடிமனான தோல் மட்டும்தான் இருக்கும். உள்ளே துணி இல்லை, மேலே பெயின்ட் போலப் பூசிய நிறப்படலம் இல்லை, சாயம் தோலுக்குள்ளேயே இறங்கியிருக்கும். தண்ணீர் பட்டால் உரிந்து வர அதில் எதுவும் இல்லை.

உங்களுடையது அந்த வகைதானா என்று பார்க்க, உள்ளே தோலில் அழுத்திப் பதித்த வாசகத்தைப் பாருங்கள். நியூயார்க் நகரத்தில் செய்தது என்று இருந்தால் நல்ல அறிகுறி. கீழே உள்ள எண்ணை வைத்து ஆண்டைக் கண்டுபிடிக்க மெனக்கெட வேண்டாம், மாதமும் ஆண்டும் தெரியும்படி எழுத்தும் எண்ணும் கலந்து போடுவது 1990-களில்தான் வந்தது, 1960-களின் பைகளில் எண்ணே இருக்காது. அப்புறம் அடிப்பக்கத்தில் கண்ணுக்குப் படாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் உள்ளே இழுத்து அந்த இடம் கருத்தால், அது மேற்பூச்சு இல்லாத தோல். சொட்டு முத்து மாதிரி அப்படியே நின்றால் மேலே பூச்சு இருக்கிறது, முக்க வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

இதே வித்தையை வேறு பைகளில் செய்துவிடாதீர்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். லூயி வியூட்டோனின் அந்தப் பழுப்புப் பை தோலே இல்லை, பருத்தித் துணிமேல் பிளாஸ்டிக் பூச்சு. கைப்பிடியும் ஓரப்பட்டையும் மட்டும் எதுவும் பூசாத மாட்டுத்தோல், ஒரு மழைத்துளி பட்டால்கூட வட்டமாகக் கறை விழும். ஷனேலின் ஆட்டுக்குட்டித் தோல் மெல்லியது, உள்ளே அட்டையும் பஞ்சும் இருக்கும். எர்மெஸ்ஸின் பழைய பைகளில் வரும் பாக்ஸ் என்ற வழவழப்பான கன்றுத்தோலில் தண்ணீர் பட்ட இடம் கொப்புளம் மாதிரி எழும்பும். இவற்றுக்கு எல்லாம் உலர்ந்த மென்மையான துணி, பொறுமை, முடிந்தால் அந்த நிறுவனத்தின் சொந்தப் பழுதுபார்ப்புப் பிரிவு, இவ்வளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கோச்சிலேயே சி எழுத்து நெய்த துணிப் பைகளுக்கும் இந்தக் குளியல் ஆகாது.

சரி, உங்கள் பைக்கு வருவோம். முதல் வேலை பித்தளை. கழுவிய பிறகு இதைச் செய்தால் பாலிஷின் கறுப்பு அழுக்கு சுத்தமான தோலில் ஏறி நிற்கும், அதனால் முன்னாலேயே முடித்துவிடுங்கள். பூட்டுக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகி, பழைய பனியன் துணியில் துளி பித்தளை பாலிஷ் தொட்டுத் தேய்த்தால், பச்சையும் கறுப்புமாக வந்துகொண்டே இருந்து ஒரு கட்டத்தில் திடீரென்று நம் வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி மஞ்சளாகச் சிரிக்கும். இந்தப் பைகளில் இருப்பது கெட்டிப் பித்தளை, அதனால் தேய்க்கலாம். முலாம் பூசிய கொக்கி உள்ள மற்றப் பைகளில் தேய்த்தால் முலாம் போய்விடும்.

அடுத்து, உள்ளே இருக்கும் தூசியை வேக்யூம் போட்டு எடுங்கள். வெளியே வெள்ளையாக ஏதாவது படிந்திருந்தால், அது பூஞ்சையா, தோலுக்குள் இருந்த கொழுப்பு வெளியே வந்து உறைந்ததா என்று பிரித்துப் பார்க்க வேண்டும், பலர் இதில்தான் குழம்புகிறார்கள். ஹேர் டிரையரை மிகக் குறைந்த சூட்டில் தூரத்தில் பிடித்து சில நொடி காட்டுங்கள். வெள்ளை உருகி மறைந்தால் கொழுப்பு, பயமில்லை. அப்படியே இருந்தால் பூஞ்சை. அப்படியானால் வீட்டுக்கு வெளியே எடுத்துப்போய், முகமூடி போட்டுக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, பிறகு கழுவுங்கள்.

குளியலுக்கு ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் கை வைத்தால் சூடும் தெரியக்கூடாது குளிரும் தெரியக்கூடாது என்கிற அளவு வெதுவெதுப்பான தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு ஸ்பூன். சலவை சோப்பு, குளியல் சோப்பு எதுவும் வேண்டாம், அவை காரத்தன்மை உள்ளவை, தோல் கொஞ்சம் அமிலப் பக்கம் இருக்கும் பொருள், காரம் பட்டால் இழைகள் பலவீனமாகும். வெந்நீரும் கூடாது, நனைந்த தோல் உலர்ந்த தோலைவிடக் குறைந்த சூட்டிலேயே சுருங்கிவிடும், சுருங்கினால் திரும்ப வராது. பையை உள்ளே விட்டு மென்மையான பிரஷ்ஷால் உள்ளும் புறமும் வட்டமாகத் தேயுங்கள். தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வரும், அது நாற்பது வருட அழுக்கு. உங்களுடையது சிவப்பு என்பதால் தண்ணீரும் சிவக்கும், சிவப்புச் சாயம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், பதற வேண்டாம், ஆனால் வேடிக்கை பார்த்துக்கொண்டும் இருக்காதீர்கள். பத்து நிமிடம் போதும். நுரை போகும்வரை இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசுங்கள். கறை முழுவதும் போகட்டும் என்று இன்னொரு முறை ஊறவைக்கத் தோன்றும், வேண்டாம். பால்பாயின்ட் பேனாக் கோடு போகாது, அதற்கு ஸ்பிரிட் போட்டால் மையோடு சேர்ந்து தோலின் சாயமும் வந்து, கோடு இருந்த இடத்தில் ஒரு வெளிறிய திட்டு மிஞ்சும்.

கழுவுவது இந்த வேலையில் சுலபமான பாதி. பை பிழைப்பதும் சாவதும் உலரும்போதுதான். நான் முதன்முதலில் கழுவியது ஒரு சின்ன, பிரிட்டிஷ் டேன் என்று அவர்கள் சொல்லும் தேன் நிறப் பை. டிசம்பர் மாதம், வெளியே பனி, சீக்கிரம் உலரட்டும் என்று ஹீட்டர் பக்கத்தில் நாற்காலியில் வாரை மாட்டித் தொங்கவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் எடுத்தால் ஹீட்டரைப் பார்த்த பக்கம் அப்பளம் மாதிரி மொடமொடவென்று இருந்தது, மடித்த இடத்தில் மெல்லிய வெடிப்பு, ஈரப் பையின் கனத்தில் வார் இரண்டு அங்குலம் நீண்டுவிட்டது. அதற்கப்புறம் தோலை மெத்தென்று ஆக்கும் கிரீமான கண்டிஷனரை எவ்வளவோ போட்டும் அந்தப் பக்கம் பழைய நிலைக்கு வரவேயில்லை. அந்தப் பையை இன்னும் வைத்திருக்கிறேன், விரலால் தடவினால் எந்தப் பக்கம் வெந்தது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம்.

நடந்தது என்னவென்றால், தோல் என்பது கோடிக்கணக்கான புரத இழைகள் பின்னிய ஒரு பாய். பதனிடும்போது அந்த இழைகளுக்கு நடுவே எண்ணெய் ஏற்றியிருப்பார்கள், அது இருக்கும்வரை இழைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், அதைத்தான் நாம் மென்மை என்கிறோம். வருடக்கணக்கில் எண்ணெய் குறைந்த தோலை நனைத்து வேகமாக உலர்த்தினால், நீர் போகும்போது இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடும். அதனால் மெதுவாக உலர்த்த வேண்டும், முழுக்க உலர்வதற்குள் எண்ணெயும் கொடுக்க வேண்டும்.

டவலில் ஒற்றி எடுத்து, உள்ளே அச்சில்லாத வெள்ளைத் தாளோ பழைய டவலோ அடைத்து, மூலைகளைக் கையால் நிமிர்த்தி, வடிவத்துக்குக் கொண்டுவந்து, சமதளத்தில் படுக்க வையுங்கள். ஈரத்தோடு இருக்கும்போது நீங்கள் கொடுக்கும் வடிவம்தான் நிற்கும், அதனால் நசுங்கிய மடிப்பை நிமிர்த்த இதுதான் சமயம். வெயில் வேண்டாம், ஹீட்டர் வேண்டாம், ஃபேன் தூரத்தில் ஓடலாம். நனைந்த அடைப்பை அவ்வப்போது மாற்றுங்கள். ஒரு நாள் கழித்துத் தொட்டால் ஜில்லென்று இருக்கும் ஆனால் கையில் ஈரம் ஒட்டாது, அந்தப் பதத்தில் முதல் கண்டிஷனரைப் போடுங்கள். துணியில் கொஞ்சமாக எடுத்து, முகத்துக்கு கிரீம் போடுவது போல மெல்லிசாக. பார்க்கும்போதே குடிக்கும். ஒரு நாள் விட்டு இன்னொரு பூச்சு, தேவைப்பட்டால் மூன்றாவது. தோல் குடிப்பதை நிறுத்தி மேலே பிசுபிசுப்பு நின்றால் போதும் என்று அர்த்தம், துடைத்துவிடுங்கள்.

நம் ஆட்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி, தேங்காய் எண்ணெய் போடலாமா என்பது. போடாதீர்கள். போட்ட அன்று அழகாக இருக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் நாளாக ஆக அது சிக்கு வாடை அடிக்கும், தோலைக் கருக்கவைக்கும், இங்கே குளிர்காலத்தில் பாட்டிலில் உறைவது போலவே தோலுக்குள்ளும் உறைந்து வெள்ளையாக வெளியே பூக்கும். ஆலிவ் எண்ணெயும் வேண்டாம். பை, காலணிக்கென்றே செய்த கிரீம் வகைக் கண்டிஷனர் ஒரு சின்ன டப்பா பத்துப் பைக்கு வரும். மிங்க் என்ற விலங்கின் கொழுப்பிலிருந்து எடுக்கும் மிங்க் ஆயில் போன்றவை கனமானவை, நிறத்தைக் கருக்கும், வெளிர் நிறப் பையில் தொடவே வேண்டாம்.

வாரில் விட்ட தையலைக் கண்டிஷனர் எல்லாம் முடிந்த பிறகு தைக்கலாம். மெழுகிட்ட பாலியஸ்டர் நூலில் இரண்டு முனையிலும் மொண்ணை ஊசி கோத்து, ஏற்கெனவே இருக்கும் அதே துளைகளில், ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போகும்படி தையுங்கள். புதுத் துளை போடக்கூடாது. கிழிக்க வசதியாகத் தபால்தலைத் தாளில் வரிசையாகத் துளை இருக்குமே, அதேபோல வார் அந்த இடத்தில் ஒருநாள் கிழிந்துவிடும்.

மூலைகளில் சாயம் போனதாகச் சொல்லியிருந்தீர்கள். கண்டிஷனர் ஏறினாலே பாதி வெளிறல் மறையும், அதற்கு முன்னால் எந்த முடிவும் எடுக்காதீர்கள். அதன்பிறகும் உறுத்தினால் நிறம் கொடுக்கும் தோல் கிரீமைத் துளியாக மூலைக்கு மட்டும். முழுப்பைக்கும் புது நிறம் அடித்துத் தருகிறேன் என்று சொல்லும் கடைகளிடம் கொடுக்காதீர்கள். ஒரு தோழி அப்படிக் கொடுத்த கரும்பச்சைப் பை திரும்பி வந்தபோது பளிச்சென்று இருந்தது, ஆனால் தொட்டால் ரெக்சின். தோலின் துளைகள், கழுத்துப் பகுதியின் சுருக்கக் கோடுகள், மாட்டுக்கு ஏதோ முள் கீறிய பழைய தழும்பு எல்லாம் பெயின்டுக்கு அடியில் போய்விட்டன. அவர் அதைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் வலிக்கிறது. தேய்மானம் குறை இல்லை. நடிகையும் பாடகியுமான ஜேன் பர்கினுக்காக எர்மெஸ் செய்த முதல் பர்கின் பை 2025 ஜூலையில் பாரிஸ் ஏலத்தில் 86 லட்சம் யூரோவுக்குப் போனது, அது கீறலும் கறையும் ஸ்டிக்கர் ஒட்டி எடுத்த தடமுமாக, நன்றாக அடிபட்ட பை. யாரும் அதற்குப் பெயின்ட் அடிக்கவில்லை.

வைத்துக்கொள்வது பற்றிக் கொஞ்சம். பிளாஸ்டிக் கவரில் போடாதீர்கள், பருத்தித் தலையணை உறை போதும். உள்ளே தாள் அடைத்து நிமிர்த்தி வையுங்கள், வாரில் தொங்கவிடாதீர்கள். அம்மாவுக்குச் சென்னைக்கு எடுத்துப்போய்க் கொடுத்த ஒரு பை பீரோவுக்குள் ஒரே ஐப்பசியில் பூஞ்சை பிடித்துவிட்டது. அந்த மாதிரி ஈரப்பதம் உள்ள ஊரில் பையை உபயோகித்துக்கொண்டே இருப்பதுதான் நல்லது, காற்றும் கையும் பட்டால் பூஞ்சைக்கு நேரம் கிடைக்காது.

உங்கள் பை சிவப்பு என்பதால் இன்னொன்று. உலர்ந்த பிறகு ஒரு வெள்ளைத் துணியை லேசாக ஈரமாக்கி வெளிப்பக்கத்தில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் சிவப்பு ஏறினால், ஏறாமல் நிற்கும்வரை அதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள், நடுநடுவே மெல்லிசாகக் கண்டிஷனர். அதுவரை வெளிர் நிறச் சட்டை போட்டுக்கொண்டு தோளில் மாட்டாதீர்கள். இந்தச் சனிக்கிழமை காலை தொடங்கினால் அடுத்த வாரக் கடைசியில் மாட்டிக்கொண்டு போகலாம். உலர்ந்ததும் மூலைகளைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள், நிறம் தேவையா இல்லையா என்று பார்த்துச் சொல்கிறேன்.